விலக்கின் கணக்கு: முப்பதாம் நம்பர் நூலும் உப்பும்

1

திருப்பூரில் நூலைப் பற்றிப் பேச்சு வந்தால் அது நம்பரில்தான் வரும். இருபது, முப்பது, முப்பத்துநாலு, நாற்பது. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜம் நீளமான சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுதான் அந்த நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. பவுண்டும் கெஜமும் கடைத்தெருவை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. நூல் நம்பருக்குள் மட்டும் அவை இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. லங்காஷயரின் அளவுகோலை வைத்துத்தான் நாம் இன்றைக்கும் பனியன் துணியைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

இதில் முப்பது என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1878இலிருந்து 1882 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் சுங்க அட்டவணையில் இந்த எண் ஒரு எல்லைக்கோடாக இருந்தது. கோட்டுக்குக் கீழே இருக்கும் துணிக்கு வரி கிடையாது, மேலே இருப்பதற்கு உண்டு. அந்தக் கோட்டைப் போட்டது யார்? ஏன் சரியாக முப்பதில் போட்டார்கள்? போட்ட பிறகு சரக்கு என்ன ஆயிற்று? விட்டுக்கொடுத்த வரியை வேறு யாரிடம் வாங்கினார்கள்? இந்த நாலு கேள்விகளோடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் அட்டவணையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் என் முயற்சி.

காலனியச் சுரண்டல் என்றதும் நம்மிடம் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. அவன் நம்முடைய நெசவை அழித்தான், தன்னுடைய துணியைத் திணித்தான் என்பது அது. பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கதையாடலில் 'நாம்' என்ற சொல் ரொம்பவும் சௌகரியமாகக் கால்நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்பாய் ஆலை முதலாளி, அவருடைய ஆலைக்குள் ஏழு வயதில் நுழைந்த பிள்ளை, கோயமுத்தூர் ஜில்லாவில் உப்பு வாங்கக் காசில்லாத பண்ணையாள் எல்லோரும் அதற்குள் ஒரே 'நாம்'. சுங்க அட்டவணை இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. யாருக்கு வரி, யாருக்கு விலக்கு என்று அது பேர் பேராகச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் தேசிய வரலாற்றுப் பெருங்கதையைக் காட்டிலும் ஒரு வறண்ட வரிப் பட்டியல் அதிகாரத்தைப் பற்றி நமக்குக் கூடுதலாகச் சொல்லித் தருகிறது.

2

1857 எழுச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. 1859இல் இறக்குமதித் துணிக்கான வரியை 5இலிருந்து 10 சதவீதமாக ஏற்றினார்கள். மான்செஸ்டர் கூச்சல் போட்டது. 1862க்குள் துணிக்கு 5, நூலுக்கு 3.5 என்று பழைய இடத்துக்கே வரி இறங்கிவிட்டது. இந்த ஐந்து சதவீதம் வருமானத்துக்காக வசூலிப்பது, யாரையும் காப்பாற்றுவதற்காகப் போட்டதில்லை என்று கல்கத்தா அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வருஷங்களில் பம்பாயில் நூல் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. 1874 ஜனவரியில் மான்செஸ்டர் வர்த்தக சபை இந்திய மந்திரியிடம் முறையிட்டது: இந்த வரி பம்பாய் ஆலைகளுக்குப் பாதுகாப்பாகப் போய்விடுகிறது, எடுத்துவிடுங்கள்.

1875 சுங்கச் சட்டத்தில் வைஸ்ராய் நார்த்புரூக் பொது வரியை 7.5இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார். துணிக்கான 5 சதவீதத்தில் கைவைக்கவில்லை. அதற்குப் பதில் வேறொரு காரியம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நீண்ட இழைப் பஞ்சுக்கு 5 சதவீத வரி போட்டார்கள். இதன் சூட்சுமத்தைத் திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைய இந்தியப் பஞ்சு பெரும்பாலும் குட்டை இழை. அதில் மொத்த நூல்தான் நூற்க வரும். மெல்லிசு நூற்க வேண்டுமானால் எகிப்தியப் பஞ்சோ அமெரிக்கப் பஞ்சோ வேண்டும். அதற்கு வரி போட்டால் பம்பாய்க்காரன் இருபதாம் நம்பரிலேயே உட்கார்ந்திருப்பான். செய்துமுடித்த துணிக்கு விலக்குக் கேட்கும் அதே வாய், கச்சாப் பஞ்சுக்கு வரி கேட்டது. 'சுதந்திர வாணிபம்' என்ற சித்தாந்தம் நடைமுறையில் இப்படித்தான் இருந்தது. நார்த்புரூக் 1876இல் பதவியை விட்டுப் போனார். போனதற்கு லண்டனோடு ஏற்பட்ட இந்த உரசலும் ஒரு காரணம். லிட்டன் வந்தார்.

1877 ஜூலையில் காமன்ஸ் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பருத்தித் துணி மீதான இந்திய வரி பாதுகாப்புத் தன்மை கொண்டது, இந்திய நிதிநிலை அனுமதித்ததும் தாமதமின்றி அதை நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1878இல் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ராச்சி முதல் விலக்கைக் கொடுத்தார். டி-கிளாத், ஜீன், டொமெஸ்டிக், ஷீட்டிங், டிரில் என்று பேர் சொல்லிச் சில மொத்தத் துணிகள், அவற்றிலும் முப்பதாம் நம்பரைத் தாண்டிய நூல் இருக்கக்கூடாது. 1879 மார்ச்சில் லிட்டன் இன்னொரு படி போனார். பேர் என்னவாக இருந்தாலும் சரி, முப்பதுக்கு மேற்பட்ட நூல் கலக்காத வெளுக்காத துணி எல்லாவற்றுக்கும் விலக்கு. அவருடைய நிர்வாக சபையில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். வைஸ்ராய்க்குள்ள தனி அதிகாரத்தைப் பிரயோகித்து அவர்களைத் தள்ளிவிட்டு ஆணையிட்டார்.

ஏன் முப்பது? பம்பாய் ஆலைகள் பிரதானமாக நூற்றது இருபதும் அதற்குக் கீழும். லங்காஷயரோடு போட்டி நடந்த களம் மொத்தத் துணிதான். ஆகவே எங்கே போட்டி உண்டோ அங்கே விலக்கு. எங்கே இந்தியாவால் ஒன்றும் செய்ய முடியாதோ அங்கே வரி இருந்தாலும் லங்காஷயருக்கு நஷ்டமில்லை, வாங்குபவன் கொடுத்துவிட்டுப் போகிறான். முப்பது என்பது பஞ்சின் இயற்கையிலிருந்து வந்த எண் போலத் தோன்றும். ஒரு கோட்டை நூலின் தடிமனாக மாற்றிவிட்டால் அது அரசியலாகத் தெரியாது, தொழில்நுட்பமாகத் தெரியும். அதிகாரத்தின் மொழி குறித்து நாம் எவ்வளவோ கோட்பாடுகள் பேசுகிறோம். இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கோட்டைப் போட்டதும் ஒரு வேடிக்கை நடந்தது. விலக்குப் பெற்ற துணியின் இறக்குமதி விறுவிறுவென்று ஏறியது. வரி கட்ட வேண்டிய, கொஞ்சம் மெல்லிய துணியின் இறக்குமதி சரிந்தது. முப்பத்திரண்டில் நெய்துகொண்டிருந்ததை முப்பதுக்கு இறக்கி நெய்தால் வரி இல்லையே! லங்காஷயருக்குள்ளேயே மொத்தத் துணிக்காரனுக்கும் மெல்லிய துணிக்காரனுக்கும் தகராறு வந்தது. இருக்கிற சரக்கைப் பார்த்து விலக்குப் போட்டதாகத்தான் சட்டம் சொல்லும். நடப்பில் விலக்கைப் பார்த்துத்தான் சரக்கு நெய்தார்கள். இந்த முரண்பாடுகளைக் காரணமாகச் சொல்லியே 1882இல், ரிப்பன் வைஸ்ராயாகவும் ஈவ்லின் பேரிங் நிதி உறுப்பினராகவும் இருந்தபோது, இறக்குமதி வரியையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். மதுவகை, ஆயுதம், அபின் போன்ற சில மட்டும் வரிக்குள் நின்றன. அந்தச் சிலவற்றில் ஒன்று உப்பு.

3

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

காமன்ஸ் சபை தீர்மானம் போட்ட 1877 ஜூலையில் சென்னை மாகாணம் எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. 1876இல் மழை பொய்த்து 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். கோயமுத்தூர் ஜில்லா அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. செலவைக் கட்டுப்படுத்துவதற்காக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண்வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. இந்தக் கூலியில் ஆள் பிழைக்க மாட்டான் என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. நூலை நிறுத்த அதே பவுண்டு. ஒரு பவுண்டில் முப்பது சிட்டம் என்றால் துணிக்கு விலக்கு. ஒரு பவுண்டு தானியம் என்றால் ஆளுக்கு ஒரு நாள்.

அதே 1877-78இல் சென்னையிலும் பம்பாயிலும் உப்பு வரியை ஏற்றினார்கள். ஏறத்தாழ 37 கிலோ கொண்ட பெரிய மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது, 2 ரூபாய் 8 அணா ஆனது. வட இந்திய விகிதத்தோடு சமப்படுத்துகிறோம் என்று காரணம் சொன்னார்கள். அங்கே வரி குறைந்ததும் உண்மைதான். ஆனால் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மாகாணத்துக்குச் சமத்துவம் உப்பு விலையேற்றமாக வந்துசேர்ந்தது. ஏற்றிய கையும் ஸ்ட்ராச்சியின் கைதான், அடுத்த வருஷம் மான்செஸ்டர் துணிக்கு முதல் விலக்கை எழுதிய கையும் அதுவேதான். 1882இல் உப்பு வரியை 2 ரூபாயாகக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1888இல் பர்மா யுத்தச் செலவும் ரூபாய் மதிப்புச் சரிவும் சேர்ந்து பணமுடை வந்தபோது என்ன செய்தார்கள்? விலக்கிய துணி வரியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. உப்பை மறுபடி இரண்டரை ரூபாய்க்கு ஏற்றினார்கள்.

துணிக்கு விட்ட வரி நேராக உப்பில் வந்து உட்கார்ந்தது என்று நான் ரூபாய் அணா போட்டு நிரூபிக்க வரவில்லை. அரசாங்கக் கணக்கு அப்படி நேர்க்கோட்டில் ஓடாது. ஆப்கன் யுத்தம், பஞ்சச் செலவு, லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகைகள் எல்லாம் நடுவில் இருக்கின்றன. நான் சொல்வது வேறு. ஒரே காலத்தில், ஒரே மேஜையில் இருந்த இரண்டு சரக்குகளில் ஒன்று 'வரி போடக்கூடாதது' ஆகிறது, இன்னொன்று 'எவ்வளவும் போடலாம்' என்று ஆகிறது. துணிக்குப் பின்னால் பேசுவதற்கு வர்த்தக சபையும் காமன்ஸ் சபையும் இருந்தன. உப்புக்குப் பின்னால் அதைத் தின்பவர்கள் மட்டும் இருந்தார்கள். உப்பில்லாமல் கூழ் குடிக்க முடியாது என்பதுதான் அதை இவ்வளவு நல்ல வரிப்பொருளாக ஆக்கியது.

1930இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களும், 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் கொடியோடு விழுந்த குமரனும், ஊர் ஊராகக் கதர் விற்றவர்களும் உப்பையும் துணியையும் ஒரே இயக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அட்டவணை பிரித்துவைத்த இரண்டையும் சேர்த்துப் படித்த வாசிப்பு அது. அந்த வாசிப்பை நாம் நினைவுச் சின்னமாக்கிவிட்டோம். வாசிப்பாக வைத்துக்கொள்ளவில்லை.

4

அடுத்த கட்டம் 1894. மறுபடி பணமுடை. 5 சதவீதப் பொது இறக்குமதி வரி திரும்பி வந்தது. மார்ச்சில் அதிலிருந்தும் பருத்திச் சரக்குக்கு விலக்கு. டிசம்பரில் வேறு வழியில்லாமல் பருத்தியையும் சேர்த்தார்கள், கூடவே இந்திய ஆலைகள் இருபதுக்கு மேல் நூற்கும் நூலுக்கு 5 சதவீத உற்பத்தி வரி. 1878இல் முப்பதில் இருந்த கோடு இப்போது இருபதில். அப்போது லங்காஷயர் சரக்குக்கு வாசலைத் திறக்கப் போட்ட கோடு, இப்போது இந்திய ஆலையின் தலையில் தட்டப் போட்ட கோடு. அதுவும் போதவில்லை. 1896இல் நூல் இறக்குமதிக்கு வரியே இல்லை என்றாயிற்று, துணி இறக்குமதிக்கு 3.5 சதவீதம், இந்திய ஆலைகள் நெய்யும் துணி அத்தனைக்கும் அதே 3.5 சதவீத உற்பத்தி வரி. கைத்தறிக்கு விலக்கு.

இந்த 3.5 சதவீதம்தான் பிறகு தேசியப் பொருளாதாரச் சொல்லாடலின் பெரிய காயமாக ஆனது. 1925 டிசம்பரில் அதை நிறுத்திவைத்து 1926இல் ரத்துசெய்தார்கள். திருப்பூரில் பின்னல் எந்திரம் ஓடத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான் என்பார்கள். காயம் உண்மையானது. ஆனால் அட்டவணையின் கடைசி விலக்கைக் கவனியுங்கள். கைத்தறிக்கு ஏன் விலக்கு? ஏழை நெசவாளியின் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதே சட்டம் நூல் இறக்குமதிக்கும் விலக்குக் கொடுத்திருப்பதையும் சேர்த்துப் படித்தால் இரக்கத்துக்குக் கணக்கு கிடைக்கிறது. மெல்லிய சீமை நூலின் முக்கியமான வாடிக்கையாளர் கைத்தறி நெசவாளி. வாடிக்கையாளரை யாரும் கெடுத்துக்கொள்வதில்லை. விலக்குப் பெறுபவன் சில சமயம் காப்பாற்றப்படுபவன், சில சமயம் இன்னொருவன் வியாபாரத்துக்குத் தேவைப்படுபவன்.

இதோடு 1881 தொழிற்சாலைச் சட்டத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்திய ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வது பற்றி லங்காஷயருக்குத் திடீரென்று மனசு கசிந்தது. போட்டியாளனின் மலிவான உழைப்பைக் கட்டுப்படுத்தும் நோக்கம் அதில் இருந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். நம்முடைய தேசியப் பத்திரிகைகளில் பல அதைச் சொல்லியே சட்டத்தை எதிர்த்தன. ஆனால் சட்டம் சொன்னது என்ன? ஏழு வயதுக்குக் கீழே பிள்ளைகளை வைக்கக்கூடாது, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வாங்கக்கூடாது. அவ்வளவுதான். இதற்கே சுதேசி ஆபத்து என்றார்கள்! சட்டத்துக்குள்ளும் ஒரு விலக்குப் பட்டியல் இருந்தது. நூறு பேருக்குக் குறைவான ஆலைக்கும், அவுரித் தொழிற்சாலைக்கும், தேயிலை காப்பித் தோட்டத்து ஆலைக்கும் பொருந்தாது. பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார் கையில் இருந்த தோட்டங்கள். லங்காஷயரின் கண்ணீர் தோட்டம் வரைக்கும் பாயவில்லை.

இதில் நாம் எந்தப் பக்கம்? லங்காஷயர் சுயநலத்தில் பேசியது, ஆலை முதலாளியும் சுயநலத்தில் பேசினார், பிள்ளை வேலை செய்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. முதலாவதைச் சொல்லி மூன்றாவதை மறைப்பதைத்தான் நாம் இன்றும் செய்துகொண்டிருக்கிறோம். 1990களில் உலக வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமைகளைச் சேர்க்கும் பேச்சு வந்தபோது, 'இது மேற்கின் சதி' என்று பனியன் கம்பெனி முதலாளிகளும் நம்மில் பல தோழர்களும் ஒரே குரலில் பேசியது ஞாபகமிருக்கலாம். சதி இருந்தது. கைமடிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

5

இனித் திருப்பூர். நான் சில வருஷங்கள் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் காகிதம் எழுதியவன். பின்னல் டி-சர்ட், பனியன் என்றால் 6109 என்ற தலைப்பு. அதற்குக் கீழே நூல் என்ன, எடை என்ன, டிராபேக் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். இந்தச் சட்டை ஒன்றரை ஷிப்டில் தைத்ததா, இரண்டு ஷிப்டில் தைத்ததா என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது. அட்டவணைக்குத் தேவைப்படாத தகவல் அது.

1878இன் தர்க்கம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்குக்குச் சுங்கத்தை விலக்கியது. வங்கதேச பனியன் வரியில்லாமல் போயிற்று, திருப்பூர் பனியன் வரி கட்டிப் போயிற்று. நம் பக்கத்து ஆலைகளின் நூலே வங்கதேசம் போய்ச் சட்டையாகி நமக்குப் போட்டியாக நின்றது. ஆலைக்காரருக்கு அது நல்ல சந்தை, பனியன்காரருக்கு அது துரோகம். 2022 மே 16, 17 தேதிகளில் நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூர் கடையடைத்தபோது 'நம் தொழில்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது.

2025 இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், 27 முதல் மேலும் 25 என்று இந்தியச் சரக்கின் மேல் அமெரிக்கா கூடுதல் வரி போட்டது. பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருந்தது. இவ்விகிதங்கள் ஏறும், இறங்கும், நீதிமன்றம் போகும். நான் விலக்குப் பட்டியலைத்தான் பார்க்கிறேன். கைப்பேசிக்கு விலக்கு, மருந்துக்கு விலக்கு. அவை இல்லாமல் அமெரிக்காவுக்கு ஓடாது. பனியனை வேறு எவனும் தைப்பான். அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த ஆணையில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு சரக்கின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்காவில் உண்டானதாக இருந்தால் அந்தப் பகுதிக்குக் கூடுதல் வரி இல்லை. உடனே இங்கே பேச்சு என்ன? அமெரிக்கப் பஞ்சில் நூற்ற நூலை வாங்கலாமா என்பதுதான். முப்பத்திரண்டை முப்பதாக இறக்கிய அதே கணக்கு. விலக்கைப் பார்த்துச் சரக்கு.

அதே ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை இந்திய அரசாங்கம் விலக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. 32 மில்லிமீட்டருக்கு நீளமான இழைக்கு 2024 பிப்ரவரியிலேயே விலக்கு வந்துவிட்டது. 1875இல் நீண்ட இழைக்கு வரி, நூற்றைம்பது வருஷம் கழித்து விலக்கு. திசைதான் மாறியது, இழையின் நீளத்தில் கோடு போடும் வித்தை மாறவில்லை. திருப்பூர் வரவேற்றது. பருத்தி விவசாயிகள் எதிர்த்தார்கள், அறுவடைக்கு முன்னால் விலை விழும் என்றார்கள். அட்டவணையில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இல்லை. அங்கே பஞ்சு மட்டும் இருக்கிறது.

பனியன் கம்பெனிக்குள் வருவோம். வரி ஏறியதும் வாங்குகிற வெளிநாட்டு பையர் விலையில் தள்ளுபடி கேட்கிறான். கம்பெனி நூல்காரரிடம் குறைக்க முடியாது, சாயக்காரரிடம் ஓரளவு, பேங்க்கிடம் முடியவே முடியாது. மிச்சம் ஜாப் ஒர்க் ரேட்டும் பீஸ் ரேட்டும். "ட்யூட்டி ஏறிப்போச்சுங்க, ஆர்டர் நிக்கிறதே பெருசு, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்கிறார்கள். பொய் சொல்வதாக நான் சொல்ல மாட்டேன். சிறிய முதலாளிகள் பலர் உண்மையிலேயே கழுத்துவரை முழுகியிருக்கிறார்கள். ஆனால் 2025க்கு முன்னால் ஆர்டர் குவிந்த வருஷங்களிலும் இதே ஓவர்லாக்காரர் இதே ஒன்றரை ஷிப்ட்தான் பார்த்தார். லாபத்துக்கு அவரை அனுசரிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

உழைப்புக்கும் ஒரு விலக்குப் பட்டியல் உண்டு, அது கெஜட்டில் வராது. ஒரே சுவருக்குள் நாலு பேரில் கம்பெனி நடத்தினால் சட்டம் சொல்லும் ஆள் கணக்குக்குக் கீழே வந்துவிடலாம். 1881இல் நூறு, இப்போது வேறு எண், உத்தி அதுதான். காண்ட்ராக்ட் ஆள் என்றால் கம்பெனியின் ஆள் இல்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூல் ஆலை விடுதிகளுக்கு வந்த பெண்பிள்ளைகள் 'பயிற்சியாளர்' என்று எழுதப்பட்டார்கள். முழுநாள் நூற்றாலும் அவர்கள் தொழிலாளி இல்லை. ஒரு சொல்லை மாற்றிப் பதிந்ததில் சம்பளம், பி.எஃப்., சங்கம் எல்லாம் விலகிப்போயின. நொய்யலும் இப்படியொரு விலக்குத்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, ஆற்றின் விலை எந்த இன்வாய்ஸிலும் ஏறவில்லை.

6

தமிழில் விலக்கு என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வரி விலக்கு என்றால் பாரத்திலிருந்து விடுவிப்பது. ஊர் விலக்கு என்றால் வெளியே தள்ளுவது. தூரமான பெண்ணை 'வீட்டுக்கு விலக்கு' என்று திண்ணையில் உட்காரவைத்ததும் இதே சொல்தான். ஊர்விலக்கும் தீட்டும் பழகிய சமூகத்தின் மொழி, பொருளாதார நூல் கண்டுபிடிக்காத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கிறது. ஒன்றுக்கு விலக்குக் கொடுப்பதும் ஒருவரை விலக்கி வைப்பதும் சேர்ந்தே நடக்கும் காரியங்கள். 1878இல் துணியை விலக்கினார்கள், உப்புத் தின்பவரை விலக்கி வைத்தார்கள்.

ஆகவே விலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைத்தறிக்கு விலக்கு வேண்டும். வரியில் மாட்டித் தவிக்கும் சின்னப் பட்டறைக்கு உதவி வேண்டும். ஆனால் யார் விலக்குக் கேட்டாலும் அந்தத் தாளின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். இந்தத் தொகை யார் தலையில் இறங்கும்? அவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது பஞ்சப்படி. விலைவாசிக்கேற்ற படிக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரில் பஞ்சம் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பு விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம், 1877இல் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண்வெட்டியவருக்குக் கிடைக்காத விதி. இன்றும் ஒவ்வொரு கூலி ஒப்பந்தத்திலும் அது பேரப்பொருள்தான். டிராபேக்குக்கும் வட்டிச் சலுகைக்கும் பஞ்சு வரி விலக்குக்கும் டெல்லிக்கு எழுதப்படும் மனுக்களில், கிடைக்கும் சலுகையில் இத்தனை பங்கு பஞ்சப்படிக்கும் பீஸ் ரேட்டுக்கும் போகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். முதலாளிகள் சங்கம் சேர்க்காது என்றே நினைக்கிறேன். சேர்க்க மறுக்கும்போது என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதையாவது எழுதிவைத்துக்கொள்வோம். அதுவும் வாசிக்க வேண்டிய ஒரு பிரதிதான்.